கேஷுவாலிட்டியில் 'எவ்வளவு வலிக்குது?'ன்னு கேட்கிறது யார்? செவிலியர்களுக்கு வலிப் பயிற்சி ஏன் அவசியம்: ஆரணியிலிருந்து ஒரு பார்வை

ஆரணி பக்கம் ஒரு சாயப்பட்டறை. பட்டு நூலை சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை எடுக்கிறார்கள். கால் வழுக்கி, கொதிநீர் ஒருவரின் தொடையில் கொட்டிவிடுகிறது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள்.

அங்கே அவரை முதலில் பார்ப்பது யார்? பெரும்பாலும் டாக்டர் இல்லை. கேஷுவாலிட்டியில் நிற்கும் சிஸ்டர்தான். பெயர், வயது, பி.பி., நாடித்துடிப்பு எல்லாம் எழுதுவார். குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்துவார், டாக்டரைக் கூப்பிடுவார்.

இந்த வரிசையில் ஒரே ஒரு கேள்வி அடிக்கடி விட்டுப்போகிறது: "அண்ணா, எவ்வளவு வலிக்குது?"

மேலே சொன்னது ஒரு உதாரணம்தான், குறிப்பிட்ட ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது அல்ல. ஆனால் அவசர சிகிச்சைக்குப் போய் வந்த யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது. உயிரைக் காப்பாற்றும் வேகத்தில் வலி பின்னுக்குப் போய்விடுகிறது. ஏன் அப்படி? செவிலியர்களுக்கு வலி பற்றிய அறிவு கூடினால் என்ன மாறும்? அறிவு மட்டும் போதுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் ஆரணி?

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர் ஆரணி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டும், ஆரணி அரிசியும் இந்த ஊரின் அடையாளம். அதனால் இங்கே ஏற்படும் காயங்களுக்கும் ஒரு தனி முகம் உண்டு.

சாயப்பட்டறையில் கொதிநீர்க் காயம். அரிசி ஆலையில் பெல்ட்டில் சிக்கிய கை. நெல் வயலில் பாம்புக்கடி. வைக்கோல் போரில் தேள்கடி. ஆரணி - வேலூர் சாலையில் பைக் விபத்து. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, கடுமையான வலி.

இன்னொரு விஷயமும் இருக்கு. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, குனிந்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் வலி எல்லாம் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டவை. மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு மறுபடி தறியில் உட்காருவார். "நோவுதுதான், என்ன பண்றது?" என்று சொல்லிப் பழகியவர், எலும்பு முறிந்து வந்தாலும் சத்தம் போடமாட்டார்.

சத்தம் போடாதவரைப் பார்த்து "இவருக்குப் பெரிசா வலி இல்லை போல" என்று நினைத்தால், கணக்கு அங்கேயே தப்பாகிவிடும்.

வலியைத் தாங்கிக்கிட்டா என்ன தப்பு?

வலி வெறும் வேதனை மட்டும் இல்லை. அது உடம்பை வேலை வாங்கும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும். விலா எலும்பு முறிந்தவர் வலிக்குப் பயந்து மூச்சை முழுசாக இழுக்கமாட்டார், இருமவும் மாட்டார். நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரைக்கும் போகலாம். ஆரம்பத்தில் அடக்காத கடும் வலி, சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும். குழந்தைக்கு அந்த ஒரு நாள் அனுபவமே ஆஸ்பத்திரி என்றாலே அலறும் பயமாகிவிடும்.

வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியது. அதோடு சேர்த்து வலியுறுத்திய ஒரு விஷயம் முக்கியமானது: ஒருவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்பதற்காக அவருக்கு வலி இல்லை என்று முடிவு செய்யக்கூடாது.

செவிலியர்களுக்கு இது தெரியாதா?

வலி பற்றி செவிலியர்களுக்கு என்ன தெரியும், என்ன நம்புகிறார்கள் என்பதை அளக்க, அமெரிக்காவில் பெட்டி ஃபெரெல், மார்கோ மெக்காஃபெரி என்ற இரண்டு செவிலியர் ஆய்வாளர்கள் 1987-ல் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். இன்றுவரை பல நாடுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 80 சதவீத மதிப்பெண் போதுமானது என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் சராசரி மதிப்பெண் அதைத் தொடவே இல்லை.

இதை செவிலியர்களின் குற்றமாகப் பார்க்கக்கூடாது. பாடத்திட்டத்தில் வலிக்குக் கிடைத்த இடமே கொஞ்சம். வேலைக்கு வந்த பிறகு சீனியர்களிடம் கேட்டுக் கேட்டுப் படிந்த நம்பிக்கைகள் அதிகம். அவற்றில் ஐந்தைப் பார்க்கலாம்.

1. 'வலி ஊசி போட்டா நோய் என்னன்னு டாக்டருக்குத் தெரியாது'

வயிற்று வலியோடு வருபவருக்கு அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்க்கும்வரை மார்ஃபின் போடக்கூடாது என்பது பழைய பாடம். லண்டன் அறுவை சிகிச்சை நிபுணர் சக்காரி கோப் 1921-ல் வெளியிட்ட கையேடு வழியாக தலைமுறை தலைமுறையாகப் பரவியது. அப்போது ஸ்கேன் கிடையாது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பிற்காலத்தில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, வலியைக் குறைப்பதால் நோயைத் தவறாகக் கணிப்பது அதிகரிக்கவில்லை என்று சொன்னது. வலி குறைந்த நோயாளி வயிற்றைத் தளர்த்திக் கொடுப்பதால் பரிசோதிப்பதும் சுலபம்.

2. 'மார்ஃபின் கொடுத்தா அடிமையாயிடுவாங்க'

எலும்பு முறிவுக்கோ தீக்காயத்துக்கோ அளவாக, கண்காணிப்போடு, குறுகிய காலம் கொடுக்கும்போது அடிமையாகும் வாய்ப்பு குறைவு. அந்த நேரத்தில் உண்மையான ஆபத்து வேறு: மூச்சு மந்தமாவது. அதனால் ஊசி போட்ட பிறகு நோயாளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறார், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பார்க்க வேண்டும். மாற்று மருந்தான நலாக்சோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இது தெரிந்த சிஸ்டருக்கு மார்ஃபின் மேல் பயம் இருக்காது, எச்சரிக்கைதான் இருக்கும்.

3. 'கத்துறவங்களுக்குத்தான் வலி'

வலியைக் காட்டும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் அலறுவார், ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். போன் பார்த்துக்கொண்டே படுத்திருப்பவருக்கும் கடும் வலி இருக்கலாம். குடித்துவிட்டு வந்தவர் என்பதற்காக அவர் சொல்லும் வலியைத் தள்ளிவிடுவதும் இதே வகைத் தப்பு.

4. 'ஊசி போட்டாத்தான் வலி போகும்'

இது நம்மிடமும் இருக்கும் நம்பிக்கை. லேசான, மிதமான வலிக்கு சரியான அளவு பாராசிட்டமால் மாத்திரையே நன்றாக வேலை செய்யும். கடும் வலிக்கு இடுப்பில் போடும் ஊசியைவிட, நரம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது மேலானது. ரத்தம் அதிகம் போய் உடம்பு சில்லிட்டுக் கிடப்பவருக்கு, தசையில் போட்ட மருந்து எப்போது ரத்தத்தில் சேரும் என்றே சொல்ல முடியாது.

5. 'சும்மா தண்ணி ஊசி போட்டுப் பார்ப்போம், நிஜ வலியான்னு தெரிஞ்சிடும்'

கூடவே கூடாது. வெறும் உப்புநீர் ஊசிக்கு வலி குறைந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் நடித்தார் என்று அர்த்தமில்லை. நிஜமான வலி இருப்பவருக்கும் அப்படிக் குறையலாம். மேலே சொன்ன வினாத்தாளிலேயே இது பற்றி ஒரு கேள்வி இருக்கிறது.

வலியை எப்படி அளப்பது?

ரத்த அழுத்தத்துக்கு மெஷின் இருக்கிறது. வலிக்கு மெஷின் இல்லை, நோயாளியின் சொல்தான் அளவுகோல். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எண் பிடிபடாத பெரியவர்களிடம் "முழு ரூபாய் வலின்னா, இப்போ எத்தனை பைசா வலி?" என்றும் கேட்கலாம்.

குழந்தைகளுக்கு, சிரிப்பு முகத்திலிருந்து அழுகை முகம் வரை வரைந்த ஆறு முகங்கள் கொண்ட வோங்-பேக்கர் அட்டை இருக்கிறது. தமிழ் தெரியாத வட மாநிலத் தொழிலாளிக்கும் முகப் படங்கள் கைகொடுக்கும். பேச்சே வராத கைக்குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, ஆறுதல் ஆகிய ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை 1997 முதல் இருக்கிறது.

எண்ணோடு நம் ஊர்ச் சொற்களையும் கவனிக்க வேண்டும். "எரியுது, சுரீர்னு இழுக்குது, மதமதன்னு இருக்கு" என்றால் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். "வயித்தைப் பிசையுது, விட்டு விட்டு வருது" என்றால் குடல் அல்லது சிறுநீரகக் கல். "விண் விண்ணுன்னு தெறிக்குது" என்றால் சீழ் கட்டியிருக்கலாம். "நெஞ்சை அடைக்குது, பாரம் வெச்ச மாதிரி இருக்கு" என்றால் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இந்தச் சொற்களை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

வலி குறைவுன்னா ஆபத்து குறைவா?

இல்லை. வலி பற்றிய அறிவு என்பது மருந்து கொடுக்கத் தெரிவது மட்டும் இல்லை.

கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. ஆனால் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்திவிடும். கண்ணாடிவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும். அதற்காக ஆஸ்பிரின், டிக்ளோஃபெனாக் வகை மருந்துகளைக் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும். பாராசிட்டமால்தான் பாதுகாப்பான முதல் தேர்வு.

தோலின் முழு ஆழத்துக்கும் போன தீக்காயத்தில் நரம்பு முனைகளே கருகிவிடுவதால் அந்த இடத்தில் வலி தெரியாது. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம்.

கட்டு போட்ட பிறகு மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை அசைத்தாலே உயிர் போகிற மாதிரி இருந்தால், உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். இன்னொரு ஊசி அதற்குத் தீர்வு இல்லை. உடனே டாக்டரைக் கூப்பிட்டு கட்டைத் தளர்த்த வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் கையோ காலோ போய்விடும். இந்த வித்தியாசத்தை முதலில் கவனிக்க வாய்ப்புள்ளவர் பக்கத்திலேயே இருக்கும் சிஸ்டர்தான்.

தமிழ்நாட்டில் என்ன கட்டமைப்பு இருக்கு?

அடித்தளம் இல்லாமல் இல்லை. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. 2017-18 காலகட்டத்தில் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் உருவானது. ஆங்கிலத்தில் சுருக்கமாக TAEI. நோயாளி வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தீவிரத்தைப் பிரிப்பது இதன் அடிப்படை. 2021 டிசம்பர் 18-ல் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள்.

நிறம் பிரிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் வலியையும் கேட்டு எழுத முடியும். அப்படிப் பார்த்தால் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கும் தாளில் ஒரு கட்டம் சேர்த்தாலே போதும்.

ஆரணி மாதிரி ஊருக்கு இது கூடுதல் முக்கியம். பெரிய காயம் என்றால் அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ, திருவண்ணாமலைக்கோ அனுப்ப வேண்டியிருக்கும். வேலூர் பக்கம் என்றாலும் முப்பது, நாற்பது கிலோமீட்டர். உடைந்த தொடை எலும்போடு ஒவ்வொரு வேகத்தடையும் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்க. கிளம்பும் முன் காலை அசையாமல் கட்டி, வலி மருந்து கொடுத்து, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று ரெஃபரல் சீட்டில் எழுதினால், அந்தப் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

அறிவு இருந்தும் கை கட்டியிருந்தால்?

சிக்கலின் இன்னொரு பக்கம் இது. பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

முதல் தடை, அதிகாரம். இங்கே டாக்டர் எழுதாமல் செவிலியர் வலி மருந்து கொடுக்க முடியாது. டாக்டர் பிரசவ வார்டிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ இருந்தால் நோயாளி காத்திருக்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பயிற்சி பெற்ற செவிலியர், முன்கூட்டியே எழுதிவைத்த நெறிமுறைப்படி டாக்டர் வருவதற்கு முன்பே முதல் மருந்தைக் கொடுக்கலாம். கடும் வலியோடு வருபவருக்கு முதல் 15-20 நிமிடத்துக்குள் மருந்து போக வேண்டும் என்பது பிரிட்டனில் வைத்திருக்கும் இலக்கு. இங்கேயும் பாராசிட்டமால் போன்ற பாதுகாப்பான மருந்துகளுக்காவது, மருத்துவமனையின் டாக்டர்கள் கையெழுத்திட்ட நிலையான உத்தரவு ஒன்றை வைக்க முடியுமா என்பது பேசப்பட வேண்டிய விஷயம்.

இரண்டாவது, மருந்து. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளுக்குப் பிறகு, நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு பல நூறு கிலோவிலிருந்து 1990-களின் இறுதியில் 20 கிலோவுக்கும் கீழே சரிந்தது. திருவனந்தபுரத்தின் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கான உரிம நடைமுறை எளிதானது. சட்டம் தளர்ந்தாலும், ஒரு தலைமுறை அந்த மருந்தைத் தொடாமலே படித்து வந்துவிட்டது. அந்தத் தயக்கம் போக பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. வலி மருந்து கொடுத்து அரை மணி நேரத்தில் மறுபடி கேட்க வேண்டும். ஒரு நைட் ஷிஃப்டில் கேஷுவாலிட்டியையும் வார்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே சிஸ்டரால் அது முடியுமா? 2015 முதல் எம்.ஆர்.பி. தேர்வு வழியாக தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். பயிற்சி பற்றிப் பேசும்போது இதை ஒதுக்கிவைக்க முடியாது.

அமெரிக்கா கற்றுக்கொடுத்த பாடம்

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1990-களில் அமெரிக்காவில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போல வலியும் 'ஐந்தாவது உயிர் அடையாளம்' என்ற பிரசாரம் எழுந்தது. எண்ணைக் குறைப்பதே குறிக்கோள் ஆனது. மருந்து நிறுவனங்களின் விளம்பரமும் சேர்ந்துகொள்ள, ஓபியாய்டு மாத்திரைகள் அள்ளிக் கொடுக்கப்பட்டன. பின்னால் வந்த போதை நெருக்கடியில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவ சங்கமே அந்த முழக்கத்தைக் கைவிடச் சொன்னது.

அதனால் வலியைப் பூஜ்ஜியமாக்குவது இலக்கு இல்லை. மூச்சு இழுக்க, இரும, அசைய, தூங்க முடிகிற அளவுக்குக் கொண்டு வருவதுதான் இலக்கு. கேஷுவாலிட்டியில் கொடுக்கும் வலுவான மருந்தைக் கை நிறைய வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்பதும் இந்தப் பயிற்சியில் ஒரு பகுதி.

அப்போ எது வேலை செய்யும்?

ஒரு நாள் வகுப்பு எடுத்து சர்டிஃபிகேட் கொடுத்தால் பரீட்சை மார்க் கூடும், சில மாதத்தில் பழைய பழக்கம் திரும்பிவிடும். பலன் தருவது தொடர்ச்சியான சிறு வேலைகள்தான்: ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிடப் பேச்சு, சுவரில் ஒரு வலி அட்டை, ட்ரியாஜ் தாளில் வலிக்கு ஒரு கட்டம். மாதம் ஒருமுறை இருபது கேஸ் ஷீட்டை எடுத்து, எத்தனை பேரிடம் வலியைக் கேட்டோம், எத்தனை நிமிடத்தில் மருந்து போனது, மறுபடி கேட்டோமா என்று எண்ணிப் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவு கிடையாது. டாக்டர்களும் அதே பயிற்சியில் உட்கார வேண்டும். சிஸ்டர் "எட்டுன்னு சொல்றார் சார்" என்று சொன்னால், அதைக் கேட்கும் காதும் வேண்டுமே.

மருந்தே இல்லாமல் செய்யக்கூடியதும் நிறைய இருக்கு. உடைந்த காலை அசையாமல் கட்டுவது, வீங்கிய கையை உயர்த்தி வைப்பது, பயந்த பிள்ளையை அம்மா மடியிலேயே வைத்துத் தையல் போடுவது, "இப்போ ஊசி குத்தப் போறேம்மா" என்று முன்னாடியே சொல்வது.

நீங்க என்ன செய்யலாம்?

வலியை மறைக்காதீங்க. எங்கே, எப்போதிலிருந்து, பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்க. மருந்து கொடுத்தும் குறையவில்லை என்றால் மறுபடி சொல்லுங்க. அது தொந்தரவு இல்லை, தகவல்.

தினமும் வலி மாத்திரை போடுபவர் என்றால் கட்டாயம் சொல்லுங்க, தறி வேலை செய்பவர்கள் முக்கியமாக. நீண்ட நாள் வலி மாத்திரை வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சினை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, கர்ப்பம், மருந்து அலர்ஜி எல்லாவற்றையும் சொல்லுங்க.

கொதிநீர் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் வேண்டாம். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, கடைக்குப் போய் வலி மாத்திரை வாங்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

சாயப்பட்டறைத் தொழிலாளிக்குத் திரும்புவோம். அவர் காயம் ஆற வாரங்கள் ஆகும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் அரை மணி நேரம் எப்படிப் போகிறது என்பதை, ஒரு சிஸ்டர் கேட்கும் ஒரு கேள்வியும், பதிலைக் கேட்ட பிறகு அவருக்கு இருக்கும் அறிவும் அதிகாரமும்தான் தீர்மானிக்கும்.